சிவப்பில் தொடங்கினவள்

பகவதி வரிசையில் நின்றான். அதுவே விசேஷம்.

தம்பானூர் ஸ்டேஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்காருவது என் வேலை. பகவதிப்பெருமாள் என் மச்சினன், என் மனைவி நீலாவின் தம்பி. சாலைக் கம்போளம் என்ற கடைவீதியில் அவர்களுக்குப் பாத்திரக்கடை. டிக்கெட் வேண்டுமென்றால் பக்கத்துக் கதவு வழியாக நேரே உள்ளே வந்து என் மேஜைமேல் கையை ஊன்றுவான். அன்று வெள்ளிக்கிழமை காலை, கல்யாணமான நாலாம் நாள், இருபது பேருக்குப் பின்னால் ஒழுங்காக நின்று நகர்ந்து நகர்ந்து வந்தான். மணிக்கட்டில் காப்புக் கயிற்றின் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"எந்த ஊருக்கு?" என்றேன்.

"ஊருக்கில்ல அத்தான். ஒரு சம்சயம்."

"கேளு."

அவன் கண்ணாடியிலிருந்த ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்தான்.

"மாத்திர போடத் தொடங்கினா எத்தன நாள்ல பலிக்கும்?"

"எந்த மாத்திர?"

"அந்த மாத்திர."

"பேர் சொல்லுடே. ஆயிரம் மாத்திர இருக்கு."

பின்னால் நின்றவர் பொறுமை இழந்தார். "சேட்டா, ஒந்நு வேகமாகட்டே. வண்டி இப்போ விடும்."

பகவதி பதறிவிட்டான். பதறினால் அவன் குரல் உயரும். பாத்திரக்கடையில் வளர்ந்த குரல்.

"பிள்ள உண்டாகாம இருக்கதுக்கு உள்ள மாத்திர, அத்தான்!"

வரிசை அமைதியாகிவிட்டது. பக்கத்துக் கவுண்டர் வரிசையும் அமைதியானது. வண்டிக்கு அவசரப்பட்டவர் அவன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பறஞ்ஞு கொடுக்கு ஸாரே," என்றார். "பாவம். புது மாப்பிளையல்லே."

வெளியே டீக்கடையில் காத்திருக்கச் சொன்னேன்.

நீலா இறந்து ஒன்றேகால் வருடம். எலிக்காய்ச்சல். ஒரு வாரம்கூடக் கிடக்கவில்லை. அதற்குப் பிறகு கரமனையில் அந்த வாடகை வீட்டிலேயே இருக்கிறேன். காலையில் எழுகிறேன், ஆபீஸ் போகிறேன், வருகிறேன். ஞாயிறு மதியம் மட்டும் சாலையில் மாமனார் வீட்டில் சாப்பாடு. நீலா இருந்தபோது ஏற்பட்ட வழக்கம் அது. அவர்கள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. வருஷத் திதி கழிந்தபிறகுதான் பகவதிக்குப் பெண் பார்த்தார்கள். நாகர்கோவில் பெண், வடிவு.

டீக்கடையில் பகவதி சுவரோடு ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் என்கிட்ட வந்து கேக்க?" என்றேன்.

"பின்ன யாருகிட்ட கேக்க? அக்கா பி.எட். படிச்சப்போ நீங்க ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டேள்லா."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா சொன்னா."

எனக்குத் தெரியாமல் நீலா யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு யோசிக்க வேண்டி வந்தது.

விஷயத்தை அவன் சொன்னான். வடிவு வாலிபால் ஆடுபவள். யுனிவர்சிட்டிக்கு ஆடியிருக்கிறாள். இங்கே ஒரு அரசாங்க போர்டு தன் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது. தேர்வு அடுத்த மாதக் கடைசியில். எடுத்துவிட்டால் நிரந்தர வேலை, ஆனால் முதல் வருடம் முழுக்க அணிக்காக ஆடித் தீர்க்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடம் அடுத்தவளுக்கு. கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள், ஒரு வருடம் குழந்தை வேண்டாம் என்று.

"அத்தைக்குத் தெரியுமா?"

"அம்மைக்கு வாலிபால் தெரியும். மாத்திர தெரியாது. தெரிஞ்சா அவ்வளவுதான். கலியாண வீட்டுலயே தொட்டிலுக்குக் கொக்கி எங்க அடிக்கணும்ணு ஆசாரிட்ட காட்டிட்டா."

அதுவும் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் போயிருக்கிறாள். ஓர் ஆள் வரவேண்டும்.

"மாத்திர எப்போ தொடங்கினா?"

"கலியாணத்துக்கு முன்னாலயே. தூரமான அன்னைக்கே தொடங்கிட்டாளாம்."

"அப்ப ஒரு பிரஸ்னமும் இல்ல. தூரமாகி அஞ்சு நாளுக்குள்ள தொடங்கினா அன்னைக்கே பலிக்கும். எடையில தொடங்கினாதான் ஏழு நாள் பொறுக்கணும்."

அந்த மாத்திரையோடு வரும் தாளை நீலா எனக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். பரீட்சைக்குப் படிப்பதைப்போல, கட்டிலில் சம்மணமிட்டு, உரக்க.

பகவதியின் முகம் தெளிந்தது. இரண்டு பழம்பொரி சொன்னான். "ஆசுவாசமாச்சு அத்தான். இன்னைக்கு ராத்திரியாக்கும் நாள் குறிச்சிருக்கது. நாலாம் நீர்ச் சடங்கு கழிஞ்சு இன்னைக்குத்தான் விருந்தாளுகெல்லாம் எறங்கிப் போனா. அதுக்கு முன்ன கேட்டுத் தெளியணும்ணு வடிவு சொல்லியனுப்பினா. அட்டையும் தந்துவிட்டா."

சட்டைப் பையிலிருந்து கடைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைக்கு அடியில் நீட்டினான். நானும் மேஜைக்கு அடியிலேயே பிரித்துப் பார்த்தேன்.

அட்டையில் இரண்டு நிறம். மூன்று வரிசை வெள்ளை. கடைசி வரிசை மட்டும் செங்கல் சிவப்பு. சிவப்பு வரிசை முழுவதும் காலியாக இருந்தது. வெள்ளையில் இரண்டு குழிதான் காலி.

"சிவப்ப ஏன் முதல்ல தின்னா?"

"பின்ன? கலியாணப் பொண்ணு வெள்ளையிலயா தொடங்குவா? அமங்கலம்லா. சிவப்புண்ணா குங்குமக் கலரு." பெருமையாகச் சொன்னான். "அவ ரொம்ப யோசிச்சுதான் செஞ்சிருக்கா."

"டேய், சிவப்பு வெறும் இரும்புச் சத்துடே."

"நல்லதுதான?"

"நல்லதுதான். ரத்தத்துக்கு. பிள்ளைய நிறுத்தாது. நிறுத்துகது வெள்ள."

அவன் பழம்பொரியைத் தட்டில் திரும்ப வைத்தான். ஒரு கடி கடித்திருந்தான். மெல்லுவதும் நின்றுவிட்டது.

"அதோட ஒரு தாள் வந்திருக்குமே?"

"கிழிச்சுப் போட்டுட்டா. பெட்டியில யாராவது பாத்துட்டா? அட்டைய மட்டும் ஒட்டுப்பொட்டு அட்டைகளுக்க எடையில வச்சிருந்தா. பாத்தா ஒண்ணுபோல இருக்குமாம்."

வடிவு எம்.எஸ்ஸி. கணிதம் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது.

எனக்கு மேற்கொண்டு தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். டாக்டர் சுசீலாபாய். நீலாவுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தவர். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவர். எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்தேன். பகவதியும் கூடவே நுழைந்தான். ஒருவர் நிற்கும் கூண்டு அது. கதவு மூடவில்லை. அவன் காது என் தாடையில் இடித்தது.

சொன்னேன். சிவப்பில் தொடங்கிய காரணத்தையும் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு நிற்க நேரம் பிடித்தது.

"எங்க ஆளுவளுக்கு இந்தப் பிசகு வராது கேட்டீளா," என்றார் டாக்டர். "எங்க கலியாணத்துல பொண்ணே வெள்ளதான் உடுத்துகா."

"இப்போ என்ன செய்யணும் டாக்டர்?"

"ஒண்ணும் பேடிக்காண்டாம். இதுவர ஒண்ணும் நடக்கல்லியே?"

பகவதி தலையை வேகமாக ஆட்டினான். என் தாடையில் இன்னொரு இடி.

"இல்லை," என்றேன்.

"வெள்ள ரெண்டு போட்டாச்சு. விடாம ஏழு வெள்ள உள்ள போகட்டு. அதுவரைக்கும் மாத்திரைய நம்பப்பிடாது. ஒண்ணு, தள்ளிப் படுக்கச் சொல்லுங்க. இல்லேண்ணா உறை வாங்கிக் கொடுங்க. ஏழு முடிஞ்சா பொறவு தைரியமா இருக்கலாம். வெள்ள முழுக்கத் தீந்த பொறவு சிவப்பு. அது புது அட்டையில உள்ளதத் தின்னட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்," என்றேன்.

வெளியே வந்தோம். பகவதி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், அத நீங்கதான் வாங்கித் தரணும்."

"எத?"

"அந்த உறைய. சாலையில நான் எந்த மெடிக்கல்ல கேட்டாலும், நான் கடைக்குத் திரும்புகதுக்கு முன்ன அப்பாவுக்குச் சேதி போயிரும். அவங்க எல்லாரும் எங்க கடையில பாத்திரம் வாங்குகவங்க."

"நான் கேட்டா?"

"ஒங்கள யாரு என்ன கேப்பா?"

"டேய், பெண்டாட்டி இல்லாதவன் அத வாங்கினாதான் கேப்பா."

"அப்ப தூரமாப் போயி வாங்குங்கோ," என்றான். அதற்கு மேல் அவனிடம் யோசனை இல்லை. இன்றைக்கு ராத்திரி என்று மட்டும் மறுபடி சொன்னான்.

தூரமாகப் போனேன். மதியம் அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி மெடிக்கல் காலேஜ் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக மருந்துக் கடைகள். எங்கெங்கோ இருந்து வந்த ஜனம். எவனுக்கும் எவனையும் தெரியாது. கூட்டம் அதிகமுள்ள கடையாகப் பார்த்து நின்றேன். முறை வந்ததும் தணிந்த குரலில் கேட்டேன்.

கடைக்காரருக்குத் தணிந்த குரலில் பழக்கம் இல்லை.

"ஏதா வேண்டது? சாதாயோ டீலக்ஸோ?"

"ஏதெங்கிலும்." ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் எனக்கு.

"அங்ஙனே பறஞ்ஞால் பற்றுமோ? உபயோகிக்குந்நது ஸாரல்லே?"

இரண்டு பாக்கெட்டையும் எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். நான் ஒன்றைத் தொட்டேன். அப்போது வலது தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"மாப்பிளயா?"

திரும்பினேன். பொன்னம்மை அத்தை. என் மாமியார். ஒரு கையில் கஞ்சி ஃபிளாஸ்க், மறுகையில் மருந்துச் சீட்டு. அவர் மதினிக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று கல்யாண வீட்டில் பேசிக்கொண்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்டிருக்கவில்லை.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். விரல் பாக்கெட்டின்மேல் இருந்தது.

"தலவலி," என்றேன்.

"ம்."

கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்: "டீலக்ஸ் மதி."

"ஞாயித்துக்கிழம வருவேள்லா?" என்றார் அத்தை.

"வருவேன்."

அத்தை நகர்ந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். பாக்கெட்டை ரயில்வே உறையில் போட்டு ஒட்டி, சாயங்காலம் பாத்திரக்கடை வாசலில் பகவதி கையில் கொடுத்தேன். அத்தை பார்த்ததைச் சொல்லவில்லை. புது மாப்பிள்ளையிடம் ஏன் சொல்ல வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைக்கு மேலே வீடு. விடுமுறை நாளில் கடை ஷட்டர் இறங்கியிருக்கும். மரப்படி ஏறும்போது உள்ளே அடுக்கிய அண்டாக்கள் மெதுவாக முனகும். மாமா நெல்லையப்ப பிள்ளை, பகவதி, நான், மூன்று பேரும் இலைமுன் உட்கார்ந்தோம். அத்தை பரிமாறினார். வடிவு சமையல்கட்டில் இருந்தாள்.

பாயசமாக அடைப்பிரதமன் வந்தது. விசேஷம் இல்லாமல் அத்தை பிரதமன் வைப்பதில்லை.

"இன்னைக்கு என்ன?" என்றான் பகவதி.

"ஒண்ணுமில்ல. தின்னு." அத்தை என் பக்கம் திரும்பினார். "மாப்பிளே, ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுக்கப்பிடாது."

"சொல்லுங்கோ அத்தை."

"ஒரு வருஷம் கழிஞ்சாச்சு. ஒங்களுக்கும் வயசு முப்பத்திரெண்டுதான். தனியா இருங்கோண்ணு நாங்க யாரும் சொல்லல்ல. ஆனா அங்க இங்க போகாதேங்கோ. மொறையா ஒண்ணக் கெட்டிக்கிடுங்கோ."

மாமா இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கினார். நொறுங்கியதை மறுபடியும் நொறுக்கினார்.

"அத்தை, அப்படி ஒண்ணும்..."

"அவளுக்கு என்ன பேரு?"

"யாருக்கு?"

"மெடிக்கல் காலேஜ்ல உள்ளவளுக்கு. நர்ஸுதான?"

பகவதிக்குப் புரை ஏறியது. பிரதமன் மூக்கு வழியாக வந்தது என்று நினைக்கிறேன். மாமா அவன் தலையில் தட்டினார். தட்ட ஒரு வேலை கிடைத்ததில் அவருக்கு நிம்மதி.

"மலையாளத்திப் பொண்ணா இருந்தாலும் எனக்கு விரோதமில்ல," என்றார் அத்தை. உறுதியாகவே சொன்னார். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருப்பார். "கூட்டிட்டு வாங்கோ. நீலா இருந்த வீடுதான் இது. ஒங்களுக்கும் இதுதான் வீடு. ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. நாம சைவம்லா, மீன் தின்னுவாளா?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வடிவின் வாலிபால் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு மலையாள நர்ஸ் எனக்கு வந்துவிடுவாள். வேலை ஒருத்திக்கு நிஜமாகவே போகும். நர்ஸ் நிஜத்தில் இல்லை. கணக்கு சுலபம்.

"மீன் தின்ன மாட்டா," என்றேன்.

அத்தை பெருமூச்சு விட்டார். "பின்ன மதி. அது போதும்."

சமையல்கட்டில் கரண்டி விழுந்தது. வடிவு நிலைப்படியில் குனிந்து வெளியே வந்தாள். அந்த வீட்டில் குனிய வேண்டிய ஒரே ஆள் அவள்தான்.

"அத்தே, நர்ஸும் இல்ல, கிர்ஸும் இல்ல."

"வடிவு," என்றான் பகவதி.

"நீங்க சும்மா இருங்கோ. அண்ணன் எனக்கு வேண்டிப் பொய் சொல்லுகா. எனக்குக் கேட்டுட்டு நிக்க முடியாது." முந்தானையில் கையைத் துடைத்தாள். நெட்டையாக, நேராக நின்றாள், சர்வீஸ் போடுவதற்கு முன் நிற்பதைப்போல. "அது அண்ணனுக்கு வாங்கினதில்ல அத்தே. எங்களுக்கு வாங்கினது."

மாமா எழுந்திருக்கப் பார்த்தார். சாப்பிட்டு முடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து மீண்டும் உட்கார்ந்தார்.

வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வு, வேலை, முதல் வருடம், மாத்திரை, சிவப்பு, வெள்ளை. எதையும் மறைக்கவில்லை. கடைசியில் மட்டும் குரல் இறங்கியது.

"ஒரு வருஷம் போதும் அத்தே. எட்டாங்கிளாஸுலேருந்து ஆடுகேன். இது போனா பொறவு ஆள் எடுக்கும்போ எனக்கு வயசு கழிஞ்சிரும். நீங்க வேண்டாம்ணா அட்டைய இப்பமே தூரப் போடுகேன். அண்ணனுக்கு நர்ஸுண்ணு மட்டும் சொல்லாதேங்கோ."

அத்தை பிரதமன் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

பகவதி சட்டென்று எழுந்து உள்ளே ஓடினான். திரும்பி வந்தான். கையில் என் ரயில்வே உறை.

"பிரிக்கவே இல்ல அம்மா! பாரு, ஒட்டினது ஒட்டினபடி இருக்கு!"

"எனக்கு முன்ன அத எடுக்காதேடே," என்றார் மாமா. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம்.

"ரெண்டு நாளும் ரூல்ஸ்தான் படிச்சேன் அப்பா. சத்தியமா."

"என்ன ரூல்ஸ்?"

"வாலிபாலுக்கு உள்ளது. ரொட்டேஷன் எப்படீண்ணு வடிவு கட்டில்ல தலகாணி வச்சுக் காட்டினா."

அத்தை வடிவைப் பார்த்தார். "அட்டைய எடுத்துட்டு வா."

வடிவு போய் எடுத்து வந்தாள். கொடுக்கும்போது கை நீண்டது, விரல்கள் விடவில்லை. அத்தை பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். தூரப் போடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஜன்னலுக்குக் கீழே சாலைத் தெரு.

"ஏட்டி, சிவப்ப எதுக்கு முதல்ல தின்ன?"

"மங்கலமா இருக்கட்டுமேண்ணு..."

"மங்கலம்! எம்.எஸ்ஸி. படிச்சவளாம். வெள்ளையிலல்லவா தொடங்கணும்? வேல செய்யுகது வெள்ள. சிவப்பு, நாள் மறக்காம இருக்கதுக்கு வச்சிருக்கது. தெனமும் எடுத்துத் தின்னா அடுத்த அட்டை தொடங்க மறக்காதுல்லா. அதுக்காக்கும்."

நான்தான் கேட்டேன்.

"அத்தை, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீலா சொன்னாளே."

"உங்ககிட்டயா?"

"எங்கிட்ட சொல்லாமப் பின்ன? இங்க வந்து நிக்கும்போ அட்டை கடுகு டப்பாவுல இருக்கும். மத்தியானம் சோறு வெளம்பும்போ நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மறந்தா என்னைய வழக்குப் பிடிப்பா. அந்தத் தாளயும் வாசிச்சுக் காட்டினா. ஒரக்க."

"நாகர்கோவில்ல நாகராஜா கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேளே? பிள்ளை வரம் வேணும்ணு?"

"அது ஊர்க்காரியளுக்கு வேண்டி. கேட்டு நச்சரிச்சாள்லா. நானும் அவளும் போயி கும்பிட்டுட்டு, வடசேரியில நல்ல வடையும் தின்னுட்டு வந்தோம்." அத்தை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒங்ககிட்ட சொல்லாண்டாம்ணா. 'அம்மைக்குத் தெரியும்ணா அவரு நாணப்படுவாரு, ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்கு வரமாட்டாரு'ண்ணா."

என் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். பகவதி என்னைப் பயத்தோடு பார்த்தான். சத்தம் மறுபடி வந்தது. சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. ஒன்றேகால் வருடம் பழக்கம் விட்டுப்போனதால் கன்னம் வலித்தது. ஒவ்வொரு ஞாயிறும் இந்த வீட்டில் நான் கௌரவமாக உட்கார்ந்து சாப்பிட்டதையும், சமையல்கட்டில் கடுகு டப்பா திறந்து மூடும் சத்தத்தையும் நினைத்தேன். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தாளிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அத்தையும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எனக்குப் பிள்ள வேணும். இல்லேண்ணு சொல்லல்ல," என்றார் வடிவிடம். "ஆனா அவ ஒரு வருஷம் டீச்சரா இருந்தா. அந்த ஒரு வருஷம் அவ முகத்த நான் பாத்தேன்லா. நீ ஆடு. கொக்கி ஒரு வருஷம் சும்மா கெடந்தா துருப்பிடிச்சா போயிரும்?"

வடிவு அப்படியே அத்தையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். அத்தையின் கால் தரையில் இல்லை.

"எறக்குட்டி! எறக்கு!"

இறங்கியதும் அத்தை நேராகச் சுவரிலிருந்த காலண்டரிடம் போனார். விரல்விட்டு எண்ணினார், வெள்ளை வெள்ளை என்று முணுமுணுத்தபடி.

"நேத்து நாலு. இன்னைக்கு அஞ்சு. செவ்வாக்கிழம ராத்திரி ஏழு தெகையும்." கொஞ்சநேரம் காலண்டரை முறைத்தார். "வெள்ளிக்கிழம குறிச்ச நாளு அவ்வளவா சரியில்லேண்ணு எனக்கு அப்பமே பட்டுது. புதன்கிழமதான் நல்ல நாளு. அதுவரைக்கும் பகவதி கரமனையில அத்தான்கூடப் படுக்கட்டு."

"எதுக்கு அம்மா? நாங்க ரூல்ஸ்தான..."

"ரூல்ஸ் எத்தன நாளு படிப்பே?"

காலண்டரைப் பிறகு நானும் பார்த்தேன். புதன்கிழமைக்கு அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பகவதி பாயையும் தலைகாணியையும் சுருட்டிக்கொண்டு என்னோடு கரமனைக்கு வந்தான். கல்யாணமான வாரத்திலேயே புது மாப்பிள்ளை வீட்டைவிட்டு வந்ததைப் பார்த்து எங்கள் தெருவில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியே துக்கம் விசாரித்தார்கள். சண்டையா? பெண் சரியில்லையா? நெட்டைப் பெண் என்று அப்போதே சொன்னோமே. நான் எல்லோரிடமும் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொன்னேன். பகவதி குறட்டை விட்டான். காலையில் தோசை சுட்டுக் கருக்கினான். என் வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு புகை வந்தது. புதன்கிழமை காலையில் அவன் பாயைச் சுருட்டியபோது, தலைகாணியை வைத்துவிட்டுப் போ என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வைத்துவிட்டுப் போனான்.

தேர்வு அடுத்த மாதக் கடைசியில் நடந்தது. இரண்டாம் அட்டையின் வெள்ளையும் தீர்ந்து, மூன்றாவதின் சிவப்பு ஓடிக்கொண்டிருந்த வாரம். நாள் தவறாமல் தூரமாகியிருந்தாள். அத்தையே எனக்குத் தெரிவித்தார், நான் கேட்காமலே. மைதானத்துக்கு எல்லோரும் போனோம். மாமா கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

வடிவு வலைக்குமேல் எழுந்து எழுந்து அடித்தாள். ரொட்டேஷன் என்ன என்று பகவதி எங்களுக்கு விளக்கிக்கொண்டே இருந்தான். யாரும் கேட்கவில்லை. அத்தைக்குப் பந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் சந்தோஷம்தான்.

சாயங்காலம் இடைவேளை விட்டார்கள். அத்தை பையிலிருந்து கடுகு டப்பாவை எடுத்தார்.

"வடிவூ! மாத்திர!"

மைதானம் முழுக்கக் கேட்டது. கோச் விசிலை வாயிலிருந்து எடுத்தார். மாத்திரை என்ற சொல் எந்தக் கோச்சுக்கும் பிடிக்காது. நேராக அத்தையிடம் வந்தார்.

"எந்தா அம்மே அது? எந்து மருந்நா?"

அத்தை டப்பாவைத் திறந்து அட்டையை வெளியே எடுத்து, கடுகைத் தட்டிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே காட்டினார். "இது சிவப்பாக்கும் ஸார். வெறும் இரும்பு. ரத்தத்துக்கு நல்லது. வெள்ள கழிஞ்ச வாரம் தீந்துபோச்சு."

கோச்சுக்கு என்ன புரிந்ததோ. அட்டையைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், பகவதியைப் பார்த்தார். பகவதி வானத்தைப் பார்த்தான்.

"ஷெரி, ஷெரி," என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

இருட்டுவதற்கு முன் பெயர்களை வாசித்தார்கள். இரண்டாவது பெயர் வடிவு. அத்தை மறுபடி தரையைவிட்டு உயர்ந்தார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வடிவும் பகவதியும் முன்னால், மாமா அவர்களோடு. அத்தை என் பக்கத்தில் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"மாப்பிளே, அந்த நர்ஸு..."

"அத்தை, நர்ஸே கிடையாது."

"இல்லேண்ணு எனக்குத் தெரியும். என்னைக்காவது இருந்தாச் சொல்லுங்கோண்ணாக்கும் சொல்லுகேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "மீன் தின்னாலும் பரவாயில்ல."